பதினைந்து வயதுக்கு ஒரு வேலை

"என் பையனுக்கு நான் என்ன குறை வைத்தேன்? வேளைக்குச் சோறு போடுகிறேன். கேட்ட சட்டை வாங்கித் தருகிறேன். செல்போன்கூட வாங்கிக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. கேட்டால், 'எல்லாம் வெறுப்பாக இருக்கிறது' என்கிறான்!"

இப்படிச் சொல்லாத தாய் இன்று எந்தத் தெருவில் இருக்கிறாள்?

அப்பா வேறு மாதிரி சொல்வார். "சோம்பேறி! படி என்றால் படுத்துக் கிடக்கிறான். எழுந்தால் போனை எடுக்கிறான்" என்பார்.

பையனுக்கு வயது பதினைந்து. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பதினாறு. அந்த வயதில் மனதுக்குள் ஒரு கேள்வி பிறக்கும். "நான் எதற்காக இருக்கிறேன்?" என்ற கேள்வி. வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் பெரியவர்கள் சிரிப்பார்கள். "முதலில் கணக்கில் பாஸ் பண்ணு. மற்றதைப் பிறகு பார்க்கலாம்" என்பார்கள்.

இந்தக் கேள்விக்கு உபதேசத்தில் பதில் இல்லை. இது என் கருத்து. அந்தப் பையனுக்காக எங்கேயாவது ஒரு மனிதர் காத்திருக்க வேண்டும். "இன்று அவன் வருவானா?" என்று வாசலைப் பார்க்க வேண்டும். அந்த மனிதர்தான் அவனுக்குப் பதில்.

நம் வீட்டுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அவன் ஒரு நாள் ஒன்றும் செய்யாமல் இருந்தால் யாருக்கு நஷ்டம்? யாருக்கும் இல்லை. அவன் படிப்பு அவனுக்கு. அவன் மார்க் அவனுக்கு. அவன் வாங்கப் போகும் வேலையும் சம்பளமும்கூட அவனுக்குத்தான். "எல்லாம் உன் நன்மைக்குத்தானே!" என்று நாமும் சொல்லிச் சொல்லி வளர்க்கிறோம். கேட்கக் கேட்க அவனுக்கே அலுத்துப் போகிறது.

முன்பெல்லாம் பதினைந்து வயதுப் பையன் ஏர் பிடித்தான். பெண் நாற்று நட்டாள். அவர்கள் போகாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. அந்தக் காலம் திரும்பி வரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. தீப்பெட்டி ஆபீசுக்கும் செங்கல் சூளைக்கும் போன பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வந்தது நாட்டுக்கு நல்லது. ஆனால் கூலி வேலையை நிறுத்தியபோது, பொறுப்பையும் சேர்த்து நிறுத்திவிட்டோம். அதைத்தான் சொல்கிறேன்.

பிள்ளைகளிடம் ஒரு பெரிய பொறுப்பைக் கொடுத்துப் பார்த்த நாடு ஒன்று உண்டு. அந்தக் கதையைக் கேளுங்கள்.

பள்ளிக்கூடத்தை மூடினார்கள்!

அமெரிக்காவுக்குத் தெற்கே கடலில் ஒரு தீவு இருக்கிறது. அதன் பெயர் கியூபா. கரும்பு விளையும் நாடு. 1959-ம் ஆண்டு அங்கே புரட்சி நடந்தது. பிடல் காஸ்ட்ரோ ஆட்சிக்கு வந்தார்.

அந்த நாட்டில் அப்போது நாலு பேரில் ஒருவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நகரத்தில் நிலைமை பரவாயில்லை. மலைப்பக்கத்துக் கிராமங்களில் மிக மோசம்.

1960-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் காஸ்ட்ரோ ஐக்கிய நாடுகள் சபையில் பேசினார். "ஒரே ஆண்டில் எங்கள் நாட்டில் எழுத்தறிவின்மையை ஒழித்துக் காட்டுவோம்" என்று அறிவித்தார். கேட்டவர்கள் நம்பவில்லை. நம்பும்படியாகவும் இல்லை. ஏன் என்றால், அவ்வளவு வாத்தியார்கள் நாட்டில் கிடையாது!

அப்படியானால் யார் சொல்லிக் கொடுப்பது?

பள்ளிக்கூடப் பிள்ளைகள்!

1961-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் பெரிய வகுப்புகளை நிறுத்தினார்கள். அந்த ஆண்டு முடியும்வரை அவை நடக்கவில்லை. "யார் யார் கிராமத்துக்குப் போகிறீர்கள்?" என்று கேட்டார்கள். சுமார் ஒரு லட்சம் பிள்ளைகள் "நான் போகிறேன்" என்று வந்தார்கள். எல்லாம் பத்து வயதில் இருந்து பத்தொன்பது வயதுக்கு உட்பட்டவர்கள். பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள்!

பணக்காரர்கள் விடுமுறைக்குப் போகும் கடற்கரை ஊர் ஒன்று அங்கே உண்டு. பெயர் வாரதேரோ. பிள்ளைகளை அந்த ஊரில் சில நாட்கள் தங்க வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பிறகு ஆளுக்கு ஒரு சீருடை, பூட்ஸ், படுக்க ஒரு தூளி, பாடப் புத்தகம், ஒரு மண்ணெண்ணெய் விளக்கு கொடுத்து அனுப்பினார்கள். விளக்கு சீனாவில் செய்தது.

விளக்கு எதற்கு என்று கேட்கிறீர்களா? மலைக் கிராமத்தில் மின்சாரம் கிடையாது. பகலில் குடியானவனுக்கு வயலில் வேலை. ராத்திரிதான் பாடம். விளக்கு இல்லாவிட்டால் எழுத்து எப்படித் தெரியும்?

பகலில் பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. குடியானவன் வீட்டிலேயே தங்கினார்கள். அவனோடு வயலுக்குப் போனார்கள். களை எடுத்தார்கள். தண்ணீர் சுமந்தார்கள். பொழுது சாய்ந்ததும் விளக்கை ஏற்றி வைத்துப் பாடம் நடத்தினார்கள்.

வெட்டுக்கத்தி பிடித்துக் காய்த்துப் போன கை அது. அந்தக் கையில் பென்சில் லேசில் நிற்காது. அழுத்தினால் முனை உடையும். தளர்த்தினால் வழுக்கும். நாற்பது வயதுக்காரனுக்கு வெட்கம் வேறு. எதிரே இருப்பது பதினாலு வயதுப் பெண். அவள் பொறுமையாகக் கையைப் பிடித்து எழுத வைக்க வேண்டும். முந்தின ஆண்டு வரை, "தலை வாரிக்கொள்" என்று அம்மா சொன்னால் முகத்தைச் சுளித்த பெண்தான் அவள்!

அம்மா சம்மதித்தாளா?

பிள்ளைகள் சரி என்றதும் எல்லாம் முடிந்துவிடவில்லை. தாய் தகப்பன் எழுத்து மூலம் சம்மதம் கொடுக்க வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் போக முடியாது.

எத்தனை வீட்டில் ரகளை நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வயதுப் பெண்ணைத் தனியாக வெளியே அனுப்பாத காலம் அது. நம் ஊர்போலத்தான் அந்த ஊரும். "பெண் பிள்ளை மலைக்குப் போய் எவன் வீட்டிலோ தங்குவதா?" என்று பல வீடுகளில் மறுத்தார்கள். அழுது, அடம் பிடித்து, சாப்பிடாமல் கிடந்துதான் சில பெண்கள் கையெழுத்து வாங்கினார்கள்.

பெற்றோர் பயந்ததில் நியாயமும் இருந்தது. புதிய ஆட்சியை எதிர்த்துத் துப்பாக்கி ஏந்தியவர்கள் மலையில் ஒளிந்திருந்தார்கள். 1961 ஜனவரியில் கொன்ராடோ பெனிதெஸ் என்ற பதினெட்டு வயது வாத்தியாரை அவர்கள் கொன்றார்கள். அவர் பெயரைத்தான் பிள்ளைகளின் படைக்கு வைத்தார்கள். அதே ஆண்டு நவம்பர் மாதம் மனுவேல் அஸ்குன்ஸே என்ற பதினாறு வயது மாணவனும் கொல்லப்பட்டான். அவன் யாருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தானோ, அந்தக் குடியானவரும் அவனோடு செத்தார்.

இதை மறைத்துவிட்டுக் கதை சொல்லக் கூடாது. துப்பாக்கி நடமாடும் இடத்துக்குப் பிள்ளைகளை அனுப்பியது சரியா? என்னைக் கேட்டால் சரி இல்லை என்பேன். அந்தப் பாடப் புத்தகத்தில் அரசாங்கப் பிரசாரமும் கலந்திருந்தது. அதுவும் எனக்குப் பிடித்தமில்லை. எழுத்துக்கு ஆசைப்பட்டு வருகிறவனுக்கு எழுத்தைத்தான் கொடுக்க வேண்டும்.

ஆனால் பிள்ளைகள் செய்த வேலை பொய் இல்லை. வாத்தியார்கள், தொழிலாளர்கள், ஊர்ப் பெரியவர்கள் ஆகியோரும் சேர்ந்து உழைத்தார்கள். அந்த ஓர் ஆண்டில் ஏழு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் எழுதப் படிக்கக் கற்றார்கள். படித்தவர்களில் நூறு வயதைக் கடந்த கிழவியும் உண்டு!

கடைசிப் பரீட்சை என்ன தெரியுமா? ஒரு கடிதம் எழுத வேண்டும். காஸ்ட்ரோவுக்கே எழுத வேண்டும். "எனக்கு எழுதத் தெரிந்துவிட்டது" என்று லட்சக்கணக்கானவர்கள் எழுதினார்கள். தலைநகரம் ஹவானாவில் அதற்காகவே ஒரு காட்சிசாலை இருக்கிறது. அந்தக் கடிதங்களை அங்கே பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

1961 டிசம்பர் 22-ந் தேதி பிள்ளைகள் தலைநகரத்துக்குத் திரும்பினார்கள். ஊர்வலம் நடந்தது. ஆள் உயரப் பென்சில்களைத் தோளில் சுமந்து வந்தார்கள்.

யார் யாருக்குப் பாடம்?

அந்தப் பிள்ளைகளுக்கு என்ன லாபம்? இதுதான் நமக்கு முக்கியம்.

நகரத்துப் பிள்ளைகள் அவர்கள். ஸ்விட்சைத் தட்டினால் விளக்கு எரியும் வீட்டில் வளர்ந்தவர்கள். தன் நாட்டில் தரையில் படுப்பவன் உண்டு, ஒரே வேளை சாப்பிடுபவன் உண்டு என்று முதல் முறையாகக் கண்ணால் கண்டார்கள். பால் கறக்கக் கற்றார்கள். விறகு அடுப்பில் சமைக்கக் கற்றார்கள். "எழுத்துத் தெரியாதவன் முட்டாள்" என்ற எண்ணம் போய்விட்டது. எழுத்துத் தெரியாத அந்தக் குடியானவனுக்கு மழையும் மண்ணும் மாடும் தெரிந்த அளவு இவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லையே!

அந்தப் பெண்களில் சிலர் ஐம்பது ஆண்டு கழித்துப் பேட்டி கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் அவர்கள் படித்துப் பெரிய வேலைகளில் இருந்து ஓய்வு பெற்றுவிட்டார்கள். "உங்கள் வாழ்க்கையில் நீங்கள் செய்த பெரிய காரியம் எது?" என்று கேட்டால், அந்த விளக்கு வெளிச்சத்தில் பாடம் சொன்ன நாட்களைத்தான் சொல்கிறார்கள். பட்டத்தைச் சொல்லவில்லை. பதவியைச் சொல்லவில்லை.

ஏன்? இரவு விளக்கை ஏற்றும்போது, அவளுக்காக ஒரு குடும்பமே கைகால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தது. அவள் வராவிட்டால் அன்று பாடம் இல்லை. பதினாலு வயதில் "நான் இல்லாவிட்டால் இது நடக்காது" என்ற நிலைமை எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

நம் புதுக்கோட்டை

கியூபா வரைக்கும் போவானேன்? நம் புதுக்கோட்டையிலேயே நடந்திருக்கிறது.

1991-ம் ஆண்டு புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். படித்த இளைஞர்களும் பெண்களும் ஆயிரக்கணக்கில் தொண்டர்களாக வந்தார்கள். சம்பளம் கிடையாது. சாயங்காலம் மரத்தடியிலும் திண்ணையிலும் கூடினார்கள். கல் உடைத்துவிட்டு, களை எடுத்துவிட்டு வந்த தாய்மார்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள்.

பள்ளிக்கூடப் படிப்பு முடிந்து, மேலே படிக்க வழி இல்லாமல், கல்யாணம் வரை வீட்டில் இருக்க வேண்டிய பெண்கள் நம் ஊரில் எத்தனை பேர்! அப்படிப்பட்ட ஒரு பெண்ணைத் தெருவே "டீச்சர்" என்று கூப்பிட்டால் அவளுக்கு எப்படி இருக்கும்? அந்த ஒரு சொல்லுக்காகவே அவள் சாயங்காலம் ஆனதும் விளக்கும் கையுமாகப் புறப்படுவாள்.

ஊருக்கு ஊர் போக வேண்டுமே! பஸ் கிடையாது. ஆகவே, பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்தார்கள். எழுத்தோடு சைக்கிளும் ஒரு பாடம் ஆயிற்று. முதலில் ஊரார் கேலி செய்தார்கள். பெண்கள் விடவில்லை. 1992-ம் ஆண்டு மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டைத் தெருக்களில் மணி அடித்துக்கொண்டு சைக்கிளில் ஊர்வலம் போனார்கள்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். பெண்கள் ஓட்டும் சைக்கிள் கடைகளில் போதவில்லை. அதனால் பல பெண்கள் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். அதில் நடுவே ஒரு கம்பி இருக்கிறது அல்லவா? "பிள்ளையை உட்கார வைக்க அந்தக் கம்பிதான் வசதி" என்று சொன்னார்களாம்!

கனடா நாட்டுச் சோதனை

தொண்டு செய்தால் மனதுக்கு நல்லது என்பது நம் பாட்டிக்கும் தெரியும். உடம்புக்கும் நல்லதா? கனடா நாட்டில் சோதித்துப் பார்த்தார்கள்.

வான்கூவர் நகரில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் 106 பேரை எடுத்துக்கொண்டார்கள். சீட்டுப் போடுவது போல இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் வாரம் ஒரு முறை பள்ளி விட்ட பிறகு சின்னப் பிள்ளைகளோடு இருந்தார்கள். வீட்டுப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். விளையாட்டுக் காட்டினார்கள். சுமார் இரண்டு மாதம் இப்படி நடந்தது. மற்றப் பிரிவினர் தங்கள் முறை வரும்வரை காத்திருந்தார்கள்.

பிறகு இரண்டு பிரிவினரின் ரத்தத்தையும் எடையையும் பார்த்தார்கள். தொண்டு செய்தவர்களுக்கு ரத்தத்தில் கொழுப்பு குறைவு. உடல் பருமன் குறைவு. ரத்தக் குழாய்க்குக் கேடு செய்யும் அழற்சியின் அடையாளமும் குறைவு. பிறர் துன்பத்தை உணரும் குணம் யாருக்கு அதிகமாக வளர்ந்ததோ, அவர்களுக்கு நன்மையும் அதிகம். 2013-ம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குழந்தை மருத்துவப் பத்திரிகையில் இது வெளிவந்தது.

106 பேர் என்பது சின்னக் கூட்டம்தான். இதை வைத்துக்கொண்டு, "தொண்டு செய், மாரடைப்பு வராது" என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வாரம் ஒரு நாள் வெளியே போனதால் அந்தப் பிள்ளைகள் கெட்டுப்போகவில்லை. பெற்றோர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

"படிப்பு என்ன ஆகும்?"

நீங்கள் கேட்கப் போவது எனக்குத் தெரியும். "பத்தாம் வகுப்பு ஐயா! பரீட்சை ஐயா! மார்க் குறைந்தால் யார் பொறுப்பு?" என்பீர்கள்.

நியாயமான கேள்வி. ஏழைக் குடும்பத்தில் அந்த மார்க்தான் ஏணி. அதை நான் உதைக்கச் சொல்லவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் இரண்டு மணி நேரம் கேட்கிறேன். செல்போன் அதைவிட அதிகமாக எடுத்துக்கொள்கிறது. நீங்கள் கணக்குக் கேட்பதில்லை!

இன்னொன்றையும் சொல்கிறேன். தங்கைக்குப் பின்னக் கணக்கைச் சொல்லிக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தனக்கே அது சரியாகத் தெரியவில்லை என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரியும். பிறருக்குச் சொல்லிக் கொடுப்பதைப்போல நல்ல படிப்பு வேறு இல்லை.

"எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறதே" என்று சிலர் சொல்லலாம். நல்ல திட்டம். காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-ல், செப்டம்பர் 24-ந் தேதி தொடங்கியது. 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு ஆரம்பித்தார்கள். "எனக்கல்ல, உனக்கு" என்பது அதன் கொள்கை. பல இடங்களில் உண்மையாக உழைக்கிறார்கள்.

ஆனால் சில இடங்களில் நடப்பது என்ன? ஏழு நாள் முகாம். ஒரு நாள் கோவில் வாசலைக் கூட்டுகிறார்கள். துடைப்பத்தோடு வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பிரமுகர் வந்து பேசுகிறார். சான்றிதழ் கொடுக்கிறார்கள். எட்டாம் நாள் அந்த வாசலில் மறுபடியும் குப்பை. அந்த ஊரில் ஒரு மனிதரின் பெயர்கூடப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அந்த ஊரில் ஒருவருக்கும் இவர்கள் பெயர் தெரியாது. இதனால் எந்தப் பையனுக்கும் "நான் எதற்காக இருக்கிறேன்?" என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காது.

கூட்டத்துக்குச் செய்யும் தொண்டைவிட, ஓர் ஆளுக்குச் செய்யும் தொண்டுதான் இந்த வயதுக்கு ஏற்றது.

வேலை எங்கே இருக்கிறது?

உங்கள் தெருவிலேயே இருக்கிறது.

2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கு எழுதப் படிக்கத் தெரியும். பெருமைதான். மீதி இருபது பேர்?

அவர்களை எங்கே பார்க்கலாம் தெரியுமா? பாங்கியில் பார்க்கலாம். கையில் பாஸ் புத்தகத்தையும் ஒரு சீட்டையும் வைத்துக்கொண்டு ஒரு பாட்டி நிற்பாள். வருகிற போகிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்ப்பாள். "தம்பி, இதைக் கொஞ்சம் பூர்த்தி பண்ணிக் கொடுப்பா" என்பாள். முதல் ஆள் அவசரமாகப் போய்விடுவான். இரண்டாம் ஆள் காதில் போன். மூன்றாம் ஆளிடம் கேட்பதற்கே அவளுக்குக் கூச்சமாகிவிடும்.

அரசு ஆஸ்பத்திரியில் பார்க்கலாம். "எக்ஸ்ரே எடுக்கும் அறை எது?" என்று எழுத்துப் பலகைக்குக் கீழேயே நின்று கேட்பார்கள். பஸ் நிலையத்தில் பார்க்கலாம்.

இந்தப் பாட்டிக்குச் சீட்டைப் பூர்த்தி செய்து கொடுப்பது நல்லது. ஆனால் வாரம் இரண்டு நாள் அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவள் பெயரை அவளே எழுத வைப்பது அதைவிட நல்லது. பெயர் எழுதினால் ஊர். ஊர் எழுதினால் பஸ் எண். "அணில், ஆடு" வேண்டாம். அவள் குழந்தை அல்ல. அவளுக்கு வேண்டியது பேரன் பெயர், ரேஷன் கடைப் பலகை, மாத்திரை அட்டையில் உள்ள தேதி.

எழுத்து வேலை பிடிக்காத பையனும் இருப்பான். அவனுக்கும் வேலை உண்டு. கண் தெரியாத மாணவன் ஒருவன் பக்கத்தில் இருந்தால், அவனுக்குப் பாடத்தை வாசித்துக் காட்டலாம். தனியாக இருக்கும் தாத்தாவுக்குச் சாயங்காலம் பத்திரிகை படிக்கலாம். இரண்டாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறினால், பக்கத்தில் உட்காரலாம். வெளியூரில் இருக்கும் மகனோடு போனில் முகம் பார்த்துப் பேசத் தெரியாமல் தவிக்கும் தாய்க்கு அதைக் கற்றுக் கொடுக்கலாம். போனை நோண்டும் பையனுக்கு அந்தப் போனாலேயே ஒரு மரியாதை கிடைக்கட்டுமே!

ஆனால் ஜாக்கிரதை வேண்டும். பாட்டியின் பணத்தைப் பையன் கையில் வாங்கக் கூடாது. ஏ.டி.எம். ரகசிய எண்ணைக் கேட்கக் கூடாது. ஓ.டி.பி. வந்தால் அவளையே பார்க்கச் சொல்ல வேண்டும். கையெழுத்தை அவளே போட வேண்டும். நாளைக்கு ஒரு நூறு ரூபாய் குறைந்தாலும் பழி பையன்மேல் விழும். அவன் எங்கே போகிறான், யார் வீட்டில் இருக்கிறான் என்பது தாய் தகப்பனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கியூபாவில் நடந்ததைச் சொன்னேன் அல்லவா? வெள்ளத்தில் இறங்குவது, தீயை அணைப்பது எல்லாம் பெரியவர்கள் வேலை. பதினைந்து வயது வீரத்தைக் காட்டும் வயது. அதனாலேயே பெரியவர்கள் தடுக்க வேண்டும்.

படம் எடுத்துப் போடுவதும் வேண்டாம். "எழுதத் தெரியாத பாட்டிக்கு நான் சொல்லித் தருகிறேன், பாருங்கள்" என்று ஊருக்கெல்லாம் காட்டினால், அந்தப் பாட்டி அடுத்த வாரம் கதவைச் சாத்திக்கொள்வாள். சாத்தினால் அது நியாயம்!

பெண் பிள்ளைக்கு ஒரு வார்த்தை

"எங்கள் வீட்டுப் பெண் ஏற்கெனவே எல்லோருக்கும் தொண்டு செய்கிறாள்" என்று ஒரு தகப்பனார் சொல்லலாம். தம்பிக்குத் தலை வாருகிறாள். தாத்தாவுக்கு வெந்நீர் வைக்கிறாள். பாத்திரம் தேய்க்கிறாள்.

ஐயா, அது தொண்டு இல்லை. அது வீட்டு வேலை. அவளைக் கேட்டுக் கொடுத்த வேலையும் இல்லை. அதில் பாதியை முதலில் பையனுக்குக் கொடுங்கள். பையன் தெருவுக்குத் தொண்டு செய்யப் புறப்படுமுன், தான் சாப்பிட்ட தட்டைக் கழுவட்டும்.

அந்தப் பெண்ணுக்கு இரண்டு மணி நேரம் ஒழியட்டும். அவளே விரும்பித் தேர்ந்தெடுத்த வேலைக்கு அவள் போகட்டும். பெண் பிள்ளை வெளியே போனால் ஊர் என்ன சொல்லும் என்று பார்க்காதீர்கள். புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிளில் ஏறியபோதும் ஊர் சொல்லத்தான் செய்தது.

முதல் மாதம்

இப்போது பெற்றோர்களுக்கு ஒரு யோசனை.

பையனிடம், "நாளை முதல் நீ சமூக சேவை செய்ய வேண்டும்" என்று உத்தரவு போடாதீர்கள். அது இன்னொரு டியூஷன் ஆகிவிடும். பாட்டியையே கேட்கச் சொல்லுங்கள். "ஏம்பா, உனக்கு ஞாயிற்றுக்கிழமை நேரம் இருக்குமா?" என்று அவள் வாயால் கேட்கட்டும். பெரிய மனிதர் ஒருவர் தன்னிடம் உதவி கேட்பது அந்தப் பையனுக்கு அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

முதல் வாரம் போவான். இரண்டாம் வாரமும் போவான். மூன்றாம் வாரம் கிரிக்கெட் வரும். போகமாட்டான். அப்போது திட்டாதீர்கள். நீங்களும் அவனுக்குப் பதிலாகப் போகாதீர்கள். மறுநாள் தெருவில் பாட்டி அவனைப் பார்ப்பாள். "நேற்று உனக்காக விளக்குப் போட்டு வைத்திருந்தேனே தம்பி" என்பாள். அந்த ஒரு வார்த்தை போதும்.

அவன் வீடு திரும்பியதும், "என்ன கொடுத்தாள்?" என்று கேட்காதீர்கள். "இன்று எந்த எழுத்து வரை வந்தது?" என்று கேளுங்கள். "ற, ர இரண்டும் பாட்டிக்குக் குழம்புகிறது அப்பா" என்று அவன் சொல்வான். பல நாளாக "ம்", "இல்லை" என்பதைத் தவிர வேறு பேசாத பையன் அவன்!

மார்ச் மாதம் பரீட்சை வருமே, அப்போது என்ன செய்வது? நிறுத்தலாம். ஆனால் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. பையனே போய்ப் பாட்டியிடம் தேதியைச் சொல்ல வேண்டும். "ஏப்ரல் பத்தாம் தேதி மறுபடியும் வருகிறேன் பாட்டி" என்று சொல்லட்டும். அந்தத் தேதியை அவள் வீட்டுக் காலண்டரில் அவளையே எழுத வைத்துவிட்டு வரட்டும்.